தோற்கத் தெரிந்தவரே மாவீரர்!



எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் வலிமை, வலிமை என்று சொல்லிச் சொல்லி இந்த மேசையைக் குத்தினார். ஏழு குத்து. நான் எண்ணினேன். நீங்களும் கை தட்டினீர்கள். ஏன் தட்டினீர்கள்? மேசை சும்மா நின்று வாங்கிக்கொண்டது. அதிர்ந்து காட்டியது. தண்ணீர் டம்ளரைக் கூடக் கவிழ்த்துக் காட்டியது. அதனால்தான் அவர் பலசாலியாகத் தெரிந்தார். மேசை மட்டும் கல்லு மாதிரி அசையாமல் நின்றிருந்தால் கையைப் பிடித்துக்கொண்டு அவரல்லவா உட்கார்ந்திருப்பார்! (சிரிப்பு, கைதட்டல்) நடுவர் அவர்களே, என் கட்சி இவ்வளவுதான். தொழில்முறை மல்யுத்தத்திலே காலத்துக்கும் நிற்கிற மாவீரரை உருவாக்குவது வெல்லும் வலிமையா, தோற்கும் திறமையா என்று கேட்டீர்கள். தோற்கும் திறமையே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். நாம் பேசுவது ஒலிம்பிக் மல்யுத்தம் அல்ல. தொண்ணூறுகளில் கேபிள் கனெக்‌ஷன் வந்தபோது நம் வீட்டுக் கூடத்துக்குள் புகுந்ததே, டபிள்யூ.டபிள்யூ.எஃப்., அதைப் பற்றி. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கும். உள்ளேயிருந்து பாட்டி கேட்பார்: "ஏண்டா, இவன் நிஜமா அடிக்கிறானா, பொய்யா அடிக்கிறானா?" பிள்ளைகளுக்குக் கோபம் வரும். பாட்டி கேட்டது சரியான கேள்வி. 1989-லேயே அந்தக் கம்பெனிக்காரர்களே அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநில சட்டமன்றத்தின் முன்னால், ஐயா, இது போட்டி விளையாட்டு அல்ல, பொழுதுபோக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஏன் சொன்னார்கள்? விளையாட்டு என்றால் அரசாங்கக் கமிஷன் வரும், கட்டுப்பாடு வரும், கட்டணம் வரும். காசு என்று வந்தால் எப்பேர்ப்பட்ட மாவீரனும் உண்மையைச் சொல்லிவிடுவான்! (சிரிப்பு)

அப்படியானால் என்ன அர்த்தம்? யார் ஜெயிக்க வேண்டும் என்பதை ரிங்குக்குப் பின்னால் ஒரு அறையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். எதிரணி நண்பர்கள் பட்டியல் போட்டார்களே, இவர் இத்தனை முறை சாம்பியன், அவர் இத்தனை வருஷம் சாம்பியன் என்று? அந்த வெற்றி எல்லாம் ஒருவர் எழுதிக் கொடுத்த வெற்றி. மாப்பிள்ளைக்கு மாமனார் போட்ட மோதிரம் மாதிரி. போட்டுக்கொள்ளலாம், நான் சம்பாதித்தது என்று சொல்ல முடியாது!

ஆனால் விழுவது இருக்கிறதே, அதை யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. அது நிஜம். ரிங்குக்கு அடியில் என்ன இருக்கிறது? இரும்புச் சட்டம். அதன்மேல் மரப்பலகை. அதன்மேல் மெல்லியதாக ஒரு ஃபோம் விரிப்பு, மேலே கான்வாஸ் துணி. அவ்வளவுதான். நம் வீட்டு இலவம்பஞ்சு மெத்தை இல்லை. அதில் ஒரு ராத்திரிக்குப் பத்துத் தடவை, பதினைந்து தடவை விழ வேண்டும். இந்தத் தொழிலில் சேர்கிறவனுக்கு முதலில் அடிக்கவா சொல்லித் தருகிறார்கள்? விழத்தான் சொல்லித் தருகிறார்கள். அதற்கு 'பம்ப்' என்று பேர். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள், இல்லாவிட்டால் பின்மண்டை போய்விடும். மேல்முதுகு முழுக்க ஒரே நேரத்தில் தரையில் படட்டும். இரண்டு கையையும் விரித்துத் தரையில் அறை. மூச்சை வெளியே விடு. இது முதல் பாடம்.

இரண்டாம் பாடத்துக்கு 'செல்லிங்' என்று பேர். வாங்கின அடி உயிர் போகிற மாதிரி வலிக்கிறது என்று கூட்டத்தை நம்ப வைப்பது. செல்லிங் என்றால் விற்பது. பேரைப் பாருங்கள்! அடி வாங்கினது நான். அதைக் கூட்டத்துக்கு விற்கிறவனும் நான். லாபம் மட்டும் அடிச்சவனுக்கு! இப்படி ஒரு வியாபாரத்தைச் சந்தோஷமாகச் செய்கிறவன் இரண்டே பேர். ஒருவன் மல்யுத்த வீரன், இன்னொருவன் கல்யாணம் ஆனவன். (பலத்த சிரிப்பு) தாய்மார்கள் மன்னிக்க வேண்டும், வீட்டுக்குப் போனால் இதற்கு எனக்குத் தனியாகப் பட்டிமன்றம் இருக்கிறது.

எதிரணியில் பேசிய தங்கை நல்ல கேள்வி ஒன்று கேட்டார். நம்ம ஊரிலே ஒருத்தன் மாரை நிமிர்த்தி நடந்தால் 'பெரிய தாராசிங்னு நினைப்பு' என்கிறோம். ஜெயித்ததால்தானே தாராசிங் பேர் ஊர்ப் பழமொழி ஆனது என்றார். உண்மை. 1968-இல் பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸ்ஸை வென்று உலக சாம்பியன் ஆனார். பிறகு தூர்தர்ஷன் ராமாயணத்தில் அனுமனாகவும் வந்தார். ஆனால் அம்மா, தாராசிங் என்று சொன்னவுடனே வாய் தானாக இன்னொரு பேரையும் சேர்த்துச் சொல்லுமே, அது என்ன? கிங்காங்! மலை மாதிரி உடம்போடு ஐரோப்பாவிலிருந்து வந்த மனிதர். அந்த மலை சரிந்ததால் அல்லவா தாராசிங் நிமிர்ந்து நின்றார்? ஊர்ச் சனங்கள் நன்றி மறக்கவில்லை. இரண்டு பேரையும் சேர்த்தே சொல்லுகிறார்கள்.

தொண்ணூறுகளில் என் அக்கா மகனும் தெருப் பிள்ளைகளும் திண்ணையில் உட்கார்ந்து டிரம்ப் கார்டு ஆடுவார்கள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வீரர் படம். கீழே உயரம், எடை, மார்பளவு, புஜத்தின் சுற்றளவு, போட்ட சண்டை, ஜெயித்த சண்டை. எதிரணி வாதம் முழுக்க அந்த டிரம்ப் கார்டு வாதம்தான். எப்படித் தோற்றான் என்பதற்கு அதிலே கட்டம் கிடையாது. அந்தக் கட்டம் இல்லாததை நான் இப்போது நிரப்புகிறேன்.

1987 மார்ச் 29. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம், பான்டியாக் சில்வர்டோம் அரங்கம். ரெஸில்மேனியா மூன்று. வந்த கூட்டம் 93,173 என்று அறிவித்தார்கள். அவ்வளவு இல்லை என்று இன்றைக்கும் சண்டை போடுகிறவர்கள் உண்டு. கூட்டத்தை எண்ணுவதில் அவர்களும் நம் அரசியல் கட்சிகளும் ஒரே பள்ளிக்கூடம். (சிரிப்பு) ஒரு பக்கம் ஹல்க் ஹோகன். மறுபக்கம் ஆந்த்ரே தி ஜெயன்ட். பிரான்ஸ் நாட்டுக்காரர். 7 அடி 4 அங்குலம், 520 பவுண்டு என்று விளம்பரம். 236 கிலோ! பதினைந்து வருஷமாக இவர் தோற்றதே இல்லை என்றும் விளம்பரம். வேறு நாடுகளில் தோற்றிருக்கிறார், அது விளம்பரத்துக்குத் தெரியாது.

அன்று ஹோகன் அந்த மலையைத் தூக்கித் தரையில் அறைந்தார். எதிரணித் தலைவர் அதைத்தான் வர்ணித்தார். எனக்கும் புல்லரித்தது. ஆனால் ஐயா, நீங்கள் தூக்கினவரையே பார்த்தீர்கள். தூக்கப்பட்டவரை ஒரு நிமிஷம் பாருங்கள்.

ஆந்த்ரேக்கு அந்த உயரமும் அகலமும் வந்ததே ஒரு நோயால். அக்ரோமெகலி. உடம்பில் வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டே இருக்கும், எலும்பும் உறுப்பும் பெருத்துக்கொண்டே போகும். 1986-இல் முதுகில் அறுவை சிகிச்சை. அந்த வருஷம் 'தி பிரின்சஸ் பிரைட்' என்ற படத்தில் நடித்தார். கதாநாயகியை அவர் கையில் ஏந்துகிற காட்சி. ஒரு மெலிந்த பெண்ணின் எடையைக் கூட அந்த முதுகு தாங்காது. அந்தப் பெண்ணைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, இவர் ஏந்துவது போலக் காட்டினார்கள். அந்த மனிதர்தான் அடுத்த வருஷம் மார்ச் மாதம், உடைக்குள்ளே முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டு ரிங்குக்குள் வருகிறார். எதற்கு? தூக்கிப் போடப்படுவதற்கு. எதிலே விழ வேண்டும்? அறுவை செய்த அதே முதுகிலே! (நீண்ட கைதட்டல்)

அதுவும் எப்படி விழுந்தார்? சண்டை ஆரம்பத்தில் ஹோகன் தூக்கப் பார்க்கிறார். முடியவில்லை. ஆந்த்ரே மேலேயே சரிகிறார். கூட்டம் அடடா என்று அடங்குகிறது. இவரைத் தூக்கவே முடியாது என்று முதலில் நம்ப வைக்க வேண்டும், அப்போதுதான் கடைசியில் தூக்கும்போது கூரை பிய்த்துக்கொண்டு போகும். அதைச் செய்தது ஆந்த்ரே. அன்று அவர் ஒத்துழைப்பாரா என்று கடைசிவரை தனக்கு நிச்சயமில்லை என்று ஹோகன் பின்னாளில் சொன்னார். ஹோகன் சொல்வதில் பத்துக்கு ஆறு கழித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அவரும் 2025 ஜூலையில் காலமாகிவிட்டார், அதனால் இத்தோடு விடுகிறேன். ஆனால் ஒன்று. ஆந்த்ரே மாட்டேன் என்று சொல்லியிருந்தால், அந்த உடம்பை இந்த உலகத்தில் எந்த ஹோகன் தூக்கியிருக்க முடியும்?

1993 ஜனவரியில், அப்பாவின் இறுதிச் சடங்குக்காகப் பிரான்சுக்குப் போன இடத்தில் பாரிஸில் ஆந்த்ரே இறந்தார். வயது 46. அந்த வருஷம்தான் அந்தக் கம்பெனி 'ஹால் ஆஃப் ஃபேம்' என்ற பெருமைப் பட்டியலைத் தொடங்கியது. முதல் பேர் யாருடையது? தூக்கினவர் பேர் அல்ல. விழுந்தவர் பேர்.

இங்கே எதிரணியில் ஒருவர் சிரிக்கிறார். எனக்குத் தெரியும் என்ன கேட்பார் என்று. "அப்படியென்றால் வாராவாரம் வந்து உதை வாங்கிக்கொண்டு போகிறானே பேர் தெரியாத ஒருத்தன், அவன்தான் மாவீரனா?" நல்ல கேள்வி. இல்லை. கொடுப்பதற்குக் கையிலே ஏதாவது இருக்க வேண்டும். பாரியிடம் தேர் இருந்தது, முல்லைக்குக் கொடுத்தான். ஒன்றும் இல்லாதவன் நான் தேர் கொடுத்தேன் என்றால் நம்புவோமா? ஆந்த்ரேயிடம் பதினைந்து வருஷத்துப் பேர் இருந்தது. அதைச் சேர்க்க வலிமை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். சேர்த்ததை ஒரே ராத்திரியில் இன்னொருவன் கையில் தூக்கிக் கொடுக்கிற மனசு இருக்கிறதே, அங்கேதான் மாவீரன் பிறக்கிறான். நம் சினிமாவிலே நம்பியார் சாமி எத்தனை படத்தில் எம்.ஜி.ஆரிடம் உதை வாங்கினார்! தியேட்டரில் தாய்மார்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். நிஜத்தில் அவர் வருஷந்தோறும் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போன குருசாமி. அந்த மனிதர் கண்ணை உருட்டாமல், ஒழுங்காக விழாமல் இருந்திருந்தால் நமக்குப் புரட்சித் தலைவரின் கத்திச் சண்டை இவ்வளவு இனித்திருக்குமா?

அடுத்து, ஜெயித்தவன் விழுந்து, தோற்றவன் எழுந்த கதை. 1997 மார்ச் 23, ரெஸில்மேனியா 13. சிகாகோ பக்கம். கனடாவின் பிரெட் ஹார்ட், கூட்டத்தின் செல்லப்பிள்ளை. எதிரே ஸ்டீவ் ஆஸ்டின், வாய்த்துடுக்கான வில்லன். பிரெட் ஹார்ட்டுக்கு ஒரு பிடி உண்டு, ஷார்ப்ஷூட்டர் என்று. இரண்டு காலையும் பின்னி, ஆளைக் குப்புறப் புரட்டி, இடுப்பை வளைப்பார். ஆஸ்டின் முகமெல்லாம் ரத்தம். தோல்வியை ஒப்புக்கொண்டு கையைத் தட்டினால் விட்டுவிடுவார்கள். தட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்து, அப்படியே மயங்கிப் போகிறார். ரெஃப்ரி சண்டையை நிறுத்தி பிரெட் ஹார்ட் ஜெயித்தார் என்கிறார். ஜெயித்தவர் மயங்கிக் கிடந்தவரை விடாமல் மறுபடியும் காலைப் பிடிக்கிறார். அரங்கமே சீறுகிறது! உள்ளே வரும்போது நாயகனாக வந்தவர் வெளியே போகும்போது வில்லன். வில்லனாக வந்தவர் தள்ளாடித் தள்ளாடிக் காலூன்றிப் போகும்போது நாயகன். அடுத்த சில வருஷம் அமெரிக்காவில் ஆஸ்டினை விட்டால் ஆள் இல்லை. நடுவர் அவர்களே, அந்த ராத்திரி யாருக்கு வெற்றி என்று எழுதுவீர்கள்?

இதிலே பிரெட் ஹார்ட்டையும் விட்டுவிடக் கூடாது. தன் பேரைக் கெடுத்துக்கொண்டு எதிராளியை உயர்த்தியவர் அவர்தான். கால்கரி நகரத்தில் அவர் அப்பா வீட்டு நிலவறையிலேயே மல்யுத்தப் பள்ளி நடத்தினார். அங்கே வளர்ந்த பிள்ளை. அவர் தன் பெருமையாகச் சொல்லிக்கொள்வது பட்டத்தை அல்ல. இத்தனை வருஷத்தில் என் கையால் எந்த எதிராளிக்கும் பெரிய காயம் ஏற்பட்டதில்லை என்பதைத்தான். யோசித்துப் பாருங்கள். தலைகீழாகத் தூக்கப்படுகிறவன் தன் கழுத்தை எதிரியின் கையில் கொடுக்கிறான். அந்தக் கழுத்தை அப்படியே பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும். அவனுக்கும் வீட்டிலே பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது.

எதிரணித் தலைவர் கோல்ட்பர்க்கைத் தூக்கிப் பிடித்தார். தொடர்ச்சியாக 173 வெற்றி என்றார். கம்பெனி சொன்ன கணக்கு அதுதான். அமெரிக்கக் கால்பந்து ஆடிவிட்டு வந்தவர், காளை மாதிரி பலம். வந்தது முதல் ஜெயித்துக்கொண்டே இருந்தார். 1999 டிசம்பர் 19, வாஷிங்டன் நகரம். கோல்ட்பர்க்கும் பிரெட் ஹார்ட்டும் மோதுகிறார்கள். கோல்ட்பர்க் ஒரு உதை விட்டார். படுவது போலக் காட்ட வேண்டிய உதை நிஜமாகவே தலையில் பட்டது. மூளை அதிர்ச்சி. யாருக்கு? யாரையும் காயப்படுத்தாத அந்தக் கைக்காரருக்கு! அடுத்த வருஷமே அவருடைய மல்யுத்த வாழ்க்கை முடிந்தது. கோல்ட்பர்க் கெட்டவர் அல்ல. வேண்டுமென்று செய்யவில்லை, வருத்தமும் தெரிவித்தார். ஆனால் அந்த உதையிலே வலிமைக்கு என்ன குறை? அளவு தெரியவில்லை. ஜெயித்து ஜெயித்தே வந்ததால், எதிரே நிற்கிறவன் உடம்பைப் பார்த்துக்கொள்கிற பாடத்தைப் படிக்க நேரம் கொடுக்கவில்லையோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஐயா, உங்கள் வலிமை ஒரு மாவீரரை உருவாக்கிய கதையைச் சொன்னீர்கள். அது ஒரு மாவீரரை வீட்டுக்கு அனுப்பிய கதையையும் கணக்கில் சேருங்கள். (கைதட்டல்)

ரிக் ஃப்ளேர் பேரைச் சொல்லாமல் உட்கார்ந்தால் என் அணியே என்னை விடாது. 1975-இல் விமான விபத்தில் முதுகெலும்பு உடைந்து, இனிமேல் ரிங் பக்கமே போக முடியாது என்று டாக்டர்கள் சொன்ன பிறகு எழுந்து வந்தவர். 16 முறை உலக சாம்பியன். எதிரணி அந்த 16-ஐப் பிடித்துக்கொண்டது. அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த சாம்பியன் முக்கால்வாசி நேரம் உதைதான் வாங்குவார்! கயிற்று மூலையில் உச்சிக்கு ஏறுவார், அங்கேயிருந்து எதிராளி தூக்கி எறிவான். அடி வாங்கி நாலு அடி கம்பீரமாக நடப்பார், அப்புறம் முகம் குப்புற மரம் மாதிரி விழுவார். 1988 மார்ச் 27, கிரீன்ஸ்பரோ. ஸ்டிங் என்று ஒரு இளைஞன், முகத்தில் சாயம் பூசிக்கொண்டு. பெரிய அனுபவம் இல்லை. ஃப்ளேர் அவனோடு 45 நிமிஷம் ஆடினார். முடிவு சமம். ஆனால் உள்ளே போகும்போது பையனாகப் போனவன் வெளியே வரும்போது நட்சத்திரம். சாம்பியன் பட்டம் ஃப்ளேரிடமே இருந்தது, ஒரு குண்டுமணி குறையவில்லை.

நியூயார்க்கில் புரூனோ சம்மார்ட்டினோ 7 வருஷம் 8 மாதம் தொடர்ந்து சாம்பியன் என்றும் சொன்னீர்கள். 1971 ஜனவரி 18 ராத்திரி அவர் தோற்றபோது மேடிசன் ஸ்கொயர் கார்டனில் என்ன நடந்தது என்று சொல்லவில்லையே? கூச்சல் இல்லை. ஒரு சத்தம் இல்லை. தன் காதுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அவரே நினைத்தாராம். ஜெயித்தவர் பேர் ஐவன் கோலாஃப், 'ரஷ்யக் கரடி'. ஊர் கனடா! (சிரிப்பு) 21 நாளில் பட்டம் அவர் கையை விட்டும் போய்விட்டது. புரூனோவின் இத்தனை வருஷ வெற்றியை விட அந்த ஒரு ராத்திரி மௌனத்தைத்தான் பெரியவர்கள் கண் கலங்கச் சொல்லுகிறார்கள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரு நிமிஷம் ஐயா, கடைசி சாட்சி. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த ஜான் சீனா. 2025 ஏப்ரல் 20-இல் 17-ஆவது முறை உலக சாம்பியன். வேறு யாருக்கும் இல்லாத கணக்கு. அவர் சட்டையிலேயே எழுதியிருக்கும், ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே என்று. தொழிலை விட்டுப் போகிறவன் அடுத்தவனுக்குத் தோற்றுவிட்டுப் போக வேண்டும் என்பது அந்தத் தொழிலில் ஒரு பழைய மரியாதை. 2025 டிசம்பர் 13, வாஷிங்டனில் அவருடைய கடைசி ஆட்டம். எதிரே ஆஸ்திரியாவின் குந்தர். கழுத்தை வளைத்துப் பிடித்தார். சீனா போராடினார், போராடினார், கடைசியில் லேசாகச் சிரித்துக்கொண்டு கையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். கூட்டத்துக்குத் தாங்கவில்லை. கத்தித் தீர்த்தார்கள். ஜெயித்து அனுப்பியிருக்கக் கூடாதா என்று இன்னமும் கேட்கிறார்கள். எதிரணித் தலைவரும் அதைத்தான் கேட்பார். ஆனால் சீனா கேட்கவில்லை. காலணியைக் கழற்றி ரிங் நடுவிலே வைத்தார், வணக்கம் சொன்னார், நடந்து போனார். குந்தர் அந்த ராத்திரியிலிருந்து ஜான் சீனாவைத் தட்ட வைத்தவர்.

மணி அடித்தாயிற்று.